எதிர்ப் பக்கத்தில் இருக்கும் கடிதம்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பிரித்தவர்கள் முதலில் எதிர்ப் பக்கத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். குடும்பப் படம் இருக்க வேண்டிய இடத்தில் அரசு அலுவலக முத்திரை குத்திய ஒரு கடிதம் இருக்கிறது. அச்சகத்தார் தவறு செய்யவில்லை. நான் கேட்டுத்தான் போட்டார்கள்.

அக்காவின் மகள் என்னிடம் கேட்டது வேறு. "மாமா, நீங்கதான் பேப்பர்ல எழுதுறவரு. அம்மா பொறந்ததுலேருந்து வரிசையா எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்," என்றாள். வரிசையாகவே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். அப்பா ரயில் நிலையத்தில் பார்சல் எழுத்தர். அக்கா ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அப்பா இறந்தார். எனக்கு அப்போது வயது ஒன்பது. அதன்பின் என் பள்ளி, கல்லூரி, முதல் நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை எல்லாமே அக்காவால் வந்தவை. தேவனாம்பட்டினத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தார். திருமணமாகிச் சிதம்பரம் போன பிறகும், ஓய்வு பெறும் நாள்வரை தினமும் பேருந்தில் வந்து போனார். பிள்ளைகளின் நோட்டுகளைப் பேருந்திலேயே திருத்திவிடுவார். சாலை மோசமான இடங்களில் சிவப்பு மை கோணலாக விழுந்திருக்கும்.

ஆழிப்பேரலை வந்த வாரத்தில், பள்ளிப் பீரோவின் மேல்தட்டில் இருந்ததால் தப்பிய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அக்கா முகாமுக்குப் போனார். நான் அங்கே செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். எந்தச் சான்றிதழும் மிஞ்சாத குடும்பங்களுக்குப் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்ல அந்த ஒரு நோட்டுதான் இருந்தது. நான் அதை ஐந்து வரிச் செய்தியாக எழுதினேன். அக்கா அதிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் புரிந்தது. அரசாங்கத்திடம் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருந்தால், அதைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதில் அக்காவுக்குக் கடைசிவரை சந்தேகமே இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பின் பழைய மாணவிகள் சிதம்பரம் வீட்டுக்குத் தேடி வந்தார்கள். அவர்களுக்காக அக்கா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக்கள் எழுதினார். வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புவார். முப்பதாம் நாள் பதில் வராவிட்டால் முப்பத்தொன்றாம் நாள் மேல்முறையீடு போகும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அஞ்சலை. ஆழிப்பேரலைக்குப் பின் அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார். கணவர் நோயில் இறந்ததும், கணவரின் தம்பி வீடு தன்னுடையது என்றார். மின் இணைப்பு அந்தத் தம்பியின் பெயரில் இருந்தது. அஞ்சலையிடம் இருந்த ஒதுக்கீட்டு ஆணை ஒரு மழை வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி, வீட்டை ஒதுக்கிய அலுவலகத்தின் கோப்பில் உள்ள பயனாளிகள் பட்டியல். அதில் அந்த வீட்டு எண்ணுக்கு எதிரே கணவன், மனைவி இருவர் பெயரும் உண்டு. அந்த ஒரு பக்கத்தின் சான்றளித்த நகலைக் கேட்டு அக்கா மனுப் போட்டார்.

அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர் எனக்கு நண்பர். மாவட்டத்தில் நிருபராக இருந்த ஆண்டுகளில் நான் ஒரு மனுவும் போட்டதில்லை. வேண்டிய காகிதம் டீக்கடையில் கைக்கு வரும். அதைத் தொழில் திறமை என்று நினைத்திருந்தேன்.

"என்னா சார், நம்ம அக்காவே நம்ம மேல பெட்டிஷன் போடுறாங்க?" என்று அவர் சிரித்தார். "ஒரு வார்த்த சொன்னா ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடப் போறேன். ரெக்கார்டா போனா நூறு கேள்வி வரும். ஒரே ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க. தகவல் கெடச்சுடுச்சு, மேல்நடவடிக்கை வேணாம்னு."

அன்று மாலையே ஜெராக்ஸோடு சிதம்பரம் போனேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"சீலே இல்லியேடா இதுல."

"பேரு இருக்குதில்லக்கா? அது போதாதா?"

"பேரு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ் அத சொல்லணும்ல?"

"அந்த ஆபீஸ்ல எனக்கு மூஞ்சி குடுக்க முடியலக்கா. தெனமும் போற எடம்."

அக்கா ஜெராக்ஸை மேசையில் வைத்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுது. கையெழுத்து போடுறேன்."

எழுதினேன். நான்கு வரி. தலைப்பு வைத்துப் பழகிய கை, பிழையில்லாமல் எழுதியது.

வீடு யாருக்கு என்று நடந்த விசாரணையில் அஞ்சலை அந்த ஜெராக்ஸை நீட்டியபோது, கொழுந்தன் தரப்பில் ஒருவர், "இத கம்ப்யூட்டர் சென்டர்ல யாரு வேணா அடிச்சிக்கலாம்," என்றாராம். விசாரித்த அதிகாரி சான்றளித்த நகல் கேட்டார். அக்கா மறுபடி மனுப் போட்டார். கேட்ட தகவல் கிடைத்துவிட்டதாக முன்னரே கடிதம் கொடுத்திருக்கிறீர்கள், மேலும் அக்கோப்பு தற்போது அலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை என்று பதில் வந்தது. நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வேறு ஊருக்கு மாறுதலாகியிருந்தார். "தேடுறாங்க சார்," என்றார். இதைச் செய்தியாக எழுதியிருக்கலாம். எழுதினால் ஜெராக்ஸ் யார் வாங்கியது என்ற கேள்வி வரும். எழுதவில்லை.

அஞ்சலை வீட்டைவிட்டு வெளியேறி, முதுநகரில் வாடகைக்குப் போனார். டீச்சர், அஞ்சலையின் கொழுந்தன் பக்கம் சாய்ந்து கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தேவனாம்பட்டினத்தில் பேச்சு பரவியது. நம் உறவுக்குள்ளும் வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், இந்த மலரை இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் உரக்கக் கேட்டார்: "என்னா டீச்சரம்மா, ஊருக்கெல்லாம் பெட்டிஷன் எழுதுனீங்க, கடைசில கொழுந்தனுக்கும் ஒண்ணு எழுதிட்டீங்களாம்?"

நான் அக்காவுக்கு அடுத்த இலையில் இருந்தேன். ஒரு வாக்கியம் போதும். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ரசம் ஆறுது, சாப்புடுங்க," என்றார் அக்கா, கேட்டவரிடம்.

அதன்பின் அக்கா என்னை இதுபற்றி ஒரு சொல் கேட்டதில்லை. மேல்முறையீடுகளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தபோது, போனவர்களிடம் எல்லாம் தபால்காரர் வந்தாரா என்று விசாரித்தார். என்னிடம் மட்டும் விசாரிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் என் வாழ்க்கையின் முதல் மனுவை எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதக் கை தயங்கியது. அக்கா எத்தனை முறை எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். அக்காவின் மனுக்கள் தொடர்பான எல்லாக் காகிதங்களையும் நேரில் பார்வையிட அனுமதி கேட்டிருந்தேன். அழைத்தார்கள். பயனாளிகள் பட்டியல் கிடைக்கவில்லை என்று புதிதாக வந்திருந்த எழுத்தர் சொன்னார். கிடைத்தது ஒரு காகிதம்தான்: அந்த நான்கு வரிக் கடிதம். அது பத்திரமாக, மடிப்பு விழாமல் இருந்தது. நகல் கேட்டேன். உண்மை நகல் என்று எழுதி, முத்திரை குத்தி, கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"டீச்சர நாலு வருசம் ஏசினேன் சார். நேராவும் ஏசினேன். அவுங்க ஒங்க பேர சொல்லவே இல்ல."

கொண்டுபோன கடித நகலை நீட்டினேன்; அவர் அதை வாங்கவில்லை.

"அன்னிக்குக் குடுத்த ஜெராக்ஸ் ஆபீஸ்லேருந்துதான் வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? அத எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சும்மா வந்து அழுவாதீங்க."

எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோப்பு அன்று இருந்தது, அந்தப் பக்கம் அதிலிருந்து எடுக்கப்பட்டது, வாங்கியவன் நான் என்று. அலுவலகத்தின் பெயரும் நண்பரின் பெயரும் அதில் இருக்கின்றன. இன்னும் முடியாத வீட்டு வழக்கின் அடுத்த விசாரணைக்கு நானும் சாட்சியாகப் போகிறேன். வீடு திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது.

அக்காவை மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மூன்று வாரமும் உடனிருந்த அக்காவின் கணவருக்கும், சுடுகாடுவரை மழையில் வந்த தேவனாம்பட்டினத்து மாணவர்களுக்கும், கேட்ட நாளிலேயே நகல் கொடுத்த எழுத்தருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கோபம் தீராமலே அன்று வந்து வாசலில் நின்றுவிட்டுப் போன அஞ்சலைக்கும் நன்றி.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிர்ப் பக்கத்துக் கடிதத்தைப் படிக்கும்போது, அடியில் இருக்கும் கையொப்பத்தை மட்டும் பார்க்க வேண்டாம். மேலே உள்ள நான்கு வரியையும் பாருங்கள். உங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு வாழ்த்து அட்டை எழுதியவன் நான். அந்தக் கை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.