பாலும் முட்டையும்

சிறுவர்களுக்கான விளையாட்டு, ஆரோக்கியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை நான் நடத்திவந்த காலம். பரந்தனுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் படப்பிடிப்பு. அங்கே எல்லோரையும் விட வேகமாக ஓடும் பத்து வயதுச் சிறுமியிடம் கமராவுக்கு முன்னால் கேட்டேன்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை மிஸ். வெறுந்தேத்தண்ணிதான் குடிச்சனான்."

கமராவை நிறுத்தச் சொன்னேன். அவளருகே குனிந்து, "பாலும் முட்டையும் எண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னாள்.

பிறகு அவள் ஓடுவதைப் படமாக்கினோம். கோணம் சரியில்லை, நிழல் விழுகிறது என்று கொளுத்தும் வெயிலில் திரும்பத் திரும்ப ஓடவைத்தேன். நான்காவது முறை பாதியிலேயே சுருண்டு விழுந்தாள்.

எங்கள் வான் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதல்நாள் மதியத்துக்குப் பிறகு அவள் சாப்பிடவே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்த தாய் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்கள் உடனை கொண்டுவந்தபடியால்தான் மிஸ், என்ரை பிள்ளை தப்பினது."

நான் உண்மையைச் சொல்லவில்லை. அவள் விழுந்ததை வெட்டிவிட்டு மீதியை ஒளிபரப்பினேன். பலர் பாராட்டினார்கள்.

இப்போது அந்த வேலையில் நான் இல்லை. ஆனால் அந்தத் தாயிடம் போய் நடந்ததைச் சொல்லும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை.