நெஞ்சில் வலிக்காத மாரடைப்பு

அக்காவுக்கு முதலில் வலித்தது தாடை. கடைவாய்ப்பல் என்று நினைத்துக் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பெருந்துறையில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. படியேறினால் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்றாள். பல்லில் கோளாறு இல்லை என்றார் பல் மருத்துவர். இன்னொருவர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். அன்றைய இ.சி.ஜி.யில் எதுவும் தெரியவில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் மாமாவுக்கு, அக்காவின் கணவருக்கு, மாரடைப்பு வந்திருந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுமே பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் ஸ்டென்ட் (இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துவிட்டார்கள். அதன்பின் அவருக்குப் பக்குவமாகச் சமைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அக்கா.

ஒரு மதியம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, "செத்த நேரம் படுத்துக்கறனுங்க" என்று உள்ளே போனாள். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். கொடுமுடியில் காவிரியில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தோம்.

சில மாதங்களில் எனக்கு முதுகின் நடுவே வலி தொடங்கியது. கூந்தலை முடியக் கையைத் தூக்கினால் களைத்துப் போனேன். அக்கா போன துக்கம் என்றார்கள். நானும் பாதி நம்பினேன். பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை எனக்கு. ஒரு நாள் மேலடுக்கில் புத்தகம் வைக்கும்போது வலி முதுகிலிருந்து தாடைக்கு ஏறியது. அப்படியே கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"வீட்டுல ஏதாச்சும் டென்ஷனுங்களாம்மா?" என்று கேட்டார் அவசரப் பிரிவு மருத்துவர்.

"எங்கக்கா இப்படித்தானுங்க செத்துப்போச்சு. ரத்தம் எடுத்துப் பாருங்க."

ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் புரதம்) கூடியிருந்தது. ஆனால் ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. இதயநோய் மருத்துவர் ஒரு பெண். கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார்: "பெரிய குழாய் நல்லாருக்குதுங்க. உங்களுக்குச் சின்னக் குழாய்ங்கதான் சுருங்கிக்குது. படத்துல தெரியாது. பொம்பளைங்களுக்கு இது அதிகமா வருதுங்க. படம் சுத்தமா இருக்குதுன்னு நோய் இல்லைன்னு ஆயிராது."

பின்னொரு முறை போனபோது, ஓர் ஆய்வுக்கு இரத்தம் தர முடியுமா என்று அவரே கேட்டார். இதய நோயுள்ள ஆண்களிலும் பெண்களிலும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் (உடலில் உண்டாகும் வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் கட்டுக்கடங்காமல் உயிரணுக்களை அரிக்கும் நிலை) எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கிறார்களாம். அரிப்பின் தடயங்களும், அதைத் தடுக்கும் பொருள்களின் அளவும் இரத்தத்தில் தெரியுமாம். மாதவிலக்கு நின்றபின் பெண்ணுடலின் காவல் குறைகிறது என்றும் சொன்னார். ஆண்களும் தேவை என்றதால் மாமாவிடம் சொன்னேன். மறுவாரமே பஸ் ஏறி வந்தார்.

"ஏனம்மணி, ஆம்பளை ரத்தத்துக்கும் பொம்பளை ரத்தத்துக்கும் என்ன வித்தியாசமாமா?"

தெரிந்தவரை சொன்னேன்.

"ஒரே சட்டிச் சோறுதான் உண்டோம். எனக்கு நெஞ்சு காட்டிக்குடுத்துச்சு. அவளுக்கு மட்டும் ஏன் காட்டிக்குடுக்கல?"

இரத்தம் எடுத்து முடித்ததும் மருத்துவரிடம் கேட்டார்: "இந்த டெஸ்ட்டு அன்னைக்கே எடுத்திருந்தா அவ பொழச்சிருப்பாளுங்களா?"

"தெரியலீங்கய்யா. இதை வச்சு ஒருத்தருக்கு என்ன வரும்னு இன்னும் சொல்ல முடியாதுங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட எடுக்கறோம்."

மாமா மற்றக் கையை நீட்டினார். "அப்ப இன்னுங் கொஞ்சம் எடுத்துக்கங்க."

போதும் என்று மருத்துவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அங்கேயே அழுதார்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாடையோ முதுகோ வலித்து, காரணம் தெரியாத களைப்பும் சேர்ந்தால், நெஞ்சு வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாத்திரைக்கு வலி கேட்கிறது. ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. துணி பிழியும்போதுகூட உள்ளே ஒரு காது வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பூப்பு, பிரசவம், மாதவிலக்கு நின்றது என்று எல்லாவற்றுக்கும் அக்கா எனக்கு முன்னால் போனாள். போய்வந்து, "ஒண்ணும் பயப்படாத கண்ணு" என்பாள். வரும் தையில் அவள் வாழ்ந்த வயதை நான் கடக்கிறேன். அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்று யாரிடம் கேட்பது?