கண்டக்டரக்காவும் முட்டி இடிக்கும் பெஞ்சுகளும்

கண்டக்டரக்காவுக்குக் காதோடு காதாகப் பேச வராது. முயற்சி செய்து பார்க்காமல் இல்லை. ஒரு சாவு வீட்டில் பக்கத்தில் இருந்தவளிடம் "எப்போ எடுக்கறாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் வேட்டி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை. எஞ்சின் ஒரு பக்கம், ஹாரன் ஒரு பக்கம், செல்போனில் குடும்பச் சண்டையை நடத்திக்கொண்டே வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் ஜெயித்தாக வேண்டிய தொண்டை. ஆள் குட்டை, மேல்கம்பி எட்டாது. கூட்டத்துக்குள் இறங்கிவிட்டால் உருவம் மறைந்து குரல் மட்டும் தனியாக நகர்ந்து வரும். "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல ஒரு கல்யாண மண்டபமே காலியா கிடக்கு, படியில என்ன தோரணம் கட்டறீங்க?"

இடம் இல்லை என்று ஒன்று உலகத்தில் கிடையாது, தள்ளி உட்காராதவர்கள்தான் உண்டு என்பது அவளுடைய அசைக்க முடியாத கட்சி. ஒல்லியான ஒருவர் தாராளமாக உட்கார்ந்திருந்தால் பொறுக்காது. குண்டான ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கை நேர் செய்த பிறகுதான் அடுத்த டிக்கெட்.

கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும், வீட்டிலும்தான். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதிகம் பேசமாட்டார், அவர் பங்குப் பேச்சையும் அவளே பேசிவிடுவதால் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. எப்போதாவது, "உப்பு வேணும்னா கேளு. அடுத்த ஸ்டாப்புக்கும் கேக்கற மாதிரி எதுக்கு?" என்பார். அவ்வளவுதான்.

வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. இரண்டுக்கும் நடுவில் குறுக்கே ஒரு துணிக்கொடி. கட்டியது கண்டக்டரக்கா என்பதால் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டியிருந்தாள். கணவர் குனிந்து போவார், குனிந்து வருவார். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

ஒரே மகள். அப்பா வீட்டு உயரம். ஏழாம் வகுப்புக்கு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மளமளவென்று வளர ஆரம்பித்துவிட்டாள். பாவாடை வாங்கி வந்து பில்லைப் பத்திரப்படுத்துவதற்குள் கணுக்கால் வெளியே தெரியும். அதுவரை யாருக்கும் குறையில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புது பெஞ்சு வந்ததில்தான் வினை வந்தது.

மாநகராட்சிக்குச் சொந்தமான இரண்டு பள்ளிகள், அடுத்தடுத்த தெருவில். ஒன்று பெரிய பிள்ளைகளுக்கு, ஒன்று ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புச் சுண்டெலிகளுக்கு. இரண்டுக்கும் ஒரே நாளில் நீலப் பெயின்ட் வாசனையோடு லாரியில் பெஞ்சு வந்தது. எந்த லாரி எந்தத் தெரு என்பதில் டிரைவர்களுக்குள் சின்ன குழப்பம். சின்ன பெஞ்சு பெரிய பள்ளியில் இறங்கிவிட்டது, பெரிய பெஞ்சு சின்னப் பள்ளியில் இறங்கிவிட்டது.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தெருவுக்கே தெரியும். சின்னப் பள்ளியில் டீச்சர் கரும்பலகைப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தால் மேசைக்கு மேல் வெறும் நெற்றிகள்தான் வரிசையாகத் தெரியும். வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்கச் சொல்லுவார். கை தெரிந்தால் பிள்ளை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பெரிய பள்ளியில் நிலைமை தலைகீழ். உட்காரும் பலகையையும் மேசையையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்திருந்ததால் முன்னே நகராது, பின்னேயும் நகராது. பிள்ளைகள் முட்டியை வைக்க இடமில்லாமல் ஒருக்களித்து, மடக்கி, ஒருவர் மடியில் ஒருவர் கால் போட்டு, ஒரு மாதிரி சமாளித்தார்கள்.

கண்டக்டரக்காவின் மகளுடைய காலை மட்டும் எந்த விதத்திலும் மடித்து உள்ளே வைக்க முடியவில்லை. வெளியே நீட்டினாள். கணக்கு டீச்சர் தடுக்கி விழுந்து, எழுந்து, "நீ வராந்தாவுல உட்காரு. கதவு திறந்துதானே இருக்கு, கேக்கும்" என்றார். அன்றிலிருந்து மகள் வாசலுக்கு வெளியே தரையில். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம், "என்ன ஒட்டகம், வெயில் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மகள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தோளைச் சுருக்கி, கழுத்தை உள்ளே இழுத்து நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அம்மா, வளராம இருக்க மருந்து ஏதாவது இருக்கா? ஒரு வருஷத்துக்கு மட்டும் போதும்."

கண்டக்டரக்கா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவளுக்குப் பேச்சு வராமல் போனதைக் கணவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பயந்துபோய் அவரே பேசிவிட்டார்: "ஏம்மா, என்ன ஆச்சு?" விஷயம் வெளியே வந்தது.

மறுநாள் அவள் யூனிஃபார்மோடு தலைமை ஆசிரியை முன்னால் நின்றாள். பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த அம்மாள் குரலில் தேன் சொட்டும். யார் என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்வதோடு சரி.

"பெஞ்சு நல்ல பெஞ்சுதான்மா. உங்க பொண்ணுதான் கொஞ்சம் அதிகமா வளர்ந்துட்டா."

"அதிகமான்னா? எவ்வளவு வளரலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தா அங்கேயே நிறுத்தியிருப்பேனே டீச்சர்!"

பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது.

"மெதுவா, மெதுவா. மாத்திக்கலாம்னுதான் நானும் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்து டீச்சரும் பேசினோம். ஆனா ஒவ்வொரு பெஞ்சு முதுகுலயும் பள்ளிக்கூடம் பேரை எழுதிட்டாங்க. பேர் எழுதின பொருளை வெளிய விட மேலிடம் சொல்லணும்."

"அப்போ என் பொண்ணு முதுகுலயும் உங்க பள்ளிக்கூடம் பேரை எழுதிடுங்க. அவளையும் வெளிய விட மாட்டீங்க இல்ல?"

பெரிய டீச்சர் அதையும் ஒப்புக்கொண்டார். "நியாயம்தான். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்குக் கல்வி அதிகாரி வர்றார். அவர்கிட்டயே கேளுங்க. ஆனா கொஞ்சம்… உக்காந்த இடத்துல இருந்தே கேளுங்க. மைக்கெல்லாம் வேண்டாம்."

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் ஏற்பாடாகியிருந்தது. மேடையில் அதிகாரிக்கு மெத்தை வைத்த நாற்காலி. பெற்றோர்களுக்கு ஹால் முழுக்க இடம் இருந்தும், ஜனங்களுக்கு உள்ள இயல்பின்படி எல்லோரும் வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றார்கள். கல்வி அதிகாரியும் அந்த நேரம் பார்த்து வந்து, உள்ளே நுழைய வழியில்லாமல் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார். தாராளமான உடம்பு, சட்டைப் பித்தான்களுக்கு ஓய்வே கிடையாது.

டியூட்டி முடித்து நேராக வந்த கண்டக்டரக்கா அந்தக் காட்சியைப் பார்த்தாள். சத்தியமாக அவளிடம் எந்தத் திட்டமும் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் கை தானாக விசிலுக்குப் போய்விட்டது.

"பீ…ப்! வழியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க! இந்தப் பக்கம் காலியா இருக்கு பாருங்க!"

இந்தப் பக்கம் என்று கை காட்டியது ஹாலுக்கு எதிரில் திறந்து கிடந்த ஏழாம் வகுப்பு. அத்தனை பேரும் பேருந்தில் வளர்ந்த ஜனங்கள். விசில் காதில் விழுந்ததும் கால் நகர்ந்துவிட்டது. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. கல்வி அதிகாரியும் கேட்கவில்லை. கார் கிடைத்தது பதவி உயர்வுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் பாதி ஆயுள் பேருந்தில் போனவர். உடம்பு மறக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருக்களித்து, உள்ளே போய், கிடைத்த பெஞ்சில் டபக்கென்று உட்கார்ந்துவிட்டார். ஜன்னலோரம் வேறு.

"சார், அது ரெண்டு பேர் சீட்டு. தள்ளி உக்காருங்க" என்று லாரி ஓட்டுகிற ஒரு தகப்பனை அவர் பக்கத்தில் திணித்தாள். அவரும் குறைந்த உடம்பு இல்லை.

பெரிய டீச்சர் ஹாலில் மாலையோடு தனியாக நின்றார். பிறகு சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

அதிகாரி நிலைமையைச் சமாளித்தார். இதுதான் தன் எளிமை என்பதுபோல் சிரித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தார். "இந்த நகரத்துல எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் சரி, எந்தக் குழந்தையா இருந்தாலும் சரி, எல்லாருக்கும் எல்லாம் சமமா கிடைக்குது. ஒரு குறை உண்டா?" கைதட்டலை ஏற்றுக்கொள்ள எழுந்தார்.

பெஞ்சும் எழுந்தது. பக்கத்தில் இருந்த லாரிக்காரரும் எழுந்தார்.

மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி எழுந்தார்கள். மூன்று ஜீவன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கின.

"சார், முட்டி மாட்டிக்கிச்சு போல" என்றார் லாரிக்காரர். "என்னோடது எதுன்னே எனக்குத் தெரியல."

எண்ணெய் கொண்டு வரச் சொன்னார்கள். எண்ணெய் அதிகாரியின் கால்சட்டைக்குப் போனது, முட்டிக்குப் போகவில்லை. லாரிக்காரர் எப்படியோ தன்னை உருவிக்கொண்டு வெளியே வந்தார், ஒரு செருப்பை விட்டுவிட்டு. அதிகாரி மட்டும் அசையவில்லை.

"சட்டத்தை அறுத்துடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அரசாங்கப் பொருள்" என்று பெரிய டீச்சர் பதறினார். "கல்வி அதிகாரி எழுத்து மூலமா அனுமதி கொடுக்கணும்."

"நான்தாம்மா கல்வி அதிகாரி!"

"தெரியும் சார். எழுத்து மூலமா."

அவருடைய கையெழுத்துப் பேனா கால்சட்டைப் பையில் இருந்தது. பை மேசைக்கு அடியில் இருந்தது. வேறு பேனாவில் போட்டால் செல்லாது என்று அவரே போன மாதம்தான் உத்தரவு போட்டிருந்தார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார், உண்மையாகவே தெரிந்துகொள்கிற ஆசையோடு: "இதுல பிள்ளைங்க தினமும் எப்படிம்மா உக்காந்து எழுந்திருக்கறாங்க?"

"எழுந்திருக்கறாங்க சார். உக்கார முடியாததை வெளிய போட்டிருக்காங்க" என்றாள் கண்டக்டரக்கா. "ஏய், உள்ள வாடி!"

வராந்தாவிலிருந்து மகள் வந்தாள். தோளைச் சுருக்கிக்கொண்டுதான் வந்தாள். அதிகாரியின் நிலையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு பரிதாபம். அதே சாலையில் விழுந்து எழுந்தவர்களுக்கு மட்டும் வருகிற பரிதாபம்.

"சார், முதல்ல ஷூவைக் கழட்டிடுங்க. இப்போ மூச்சை விட்டுடுங்க. விட்டுட்டு இழுக்காதீங்க. இடது முட்டியை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டு வாங்க… இல்ல சார், அது வலது. ஆங். இப்போ பக்கவாட்டுல விழுந்துடுங்க."

"விழறதா?"

"விழுந்தாத்தான் சார் வெளிய வர முடியும். நாங்க எல்லாம் அப்படித்தான்."

அதிகாரி விழுந்தார். கட்டடம் ஒருமுறை யோசித்துவிட்டு நின்றது. தரையில் கிடந்தபடி அவர் மேலே பார்த்தார். மகள் நிமிர்ந்து நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து பார்க்க அவள் முடிகிற இடமே தெரியவில்லை.

"பெஞ்சை மாத்துங்க" என்றார் அதிகாரி, எழுந்திருப்பதற்கு முன்பே.

"எழுத்து மூலமா சார்…" என்று பெரிய டீச்சர் ஆரம்பித்தார்.

பேனா இப்போது எட்டுகிற இடத்தில் இருந்தது. தரையிலேயே கையெழுத்துப் போட்டார்.

மாற்றுவதற்கு லாரி வர நாளாகும் என்றார்கள். பெற்றோர்கள் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் இரண்டு தெருக் குடும்பங்களும் பெஞ்சைத் தலையில் தூக்கிக்கொண்டு எதிரும் புதிருமாகக் கிளம்பியதில் மெயின் ரோடு மொத்தமும் நின்றது.

"யாருங்க அது நடு ரோட்டுல? அறிவில்லை?" என்று பேருந்துக்குள்ளிருந்து கத்தினாள் கண்டக்டரக்கா.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, உங்க வீட்டுக்காரர்தான். தலையில பெஞ்சோட போறார்."

தாமதத்துக்கு டிப்போவில் அவளுக்கு ஒரு திட்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டாள்.

மகள் வகுப்புக்குள் போனாள். முன்வரிசையில், புது பெஞ்சில், காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கண்டக்டரக்கா ரெண்டு நாள் டிக்கெட்டோடு சேர்த்து இந்தக் கதையையும் எல்லோருக்கும் கிழித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ரொட்டிக்கடை அம்மா ஏறினாள். தினமும் வருகிறவள்தான். அன்றைக்கு உட்காரவில்லை.

"அக்கா, நியாயத்துக்கு நீங்கதான்னு ஊரே சொல்லுது. என் பையன் உங்க பொண்ணுக்குப் பின் பெஞ்சு. போர்டே தெரியலையாம். உங்க பொண்ணு முதுகுதான் தெரியுதாம். ரெண்டு நாளா அதைப் பார்த்துத்தான் எழுதறான். இது என்ன நியாயம்?"

பேருந்து முழுக்கக் காது கொடுத்தது. கண்டக்டரக்கா வாயைத் திறந்தாள். 'உங்க பையன்தான் கொஞ்சம் கம்மியா வளர்ந்திருக்கான்' என்ற வாக்கியம் பெரிய டீச்சரின் அதே தேன் குரலில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அப்படியே விழுங்கினாள். முழு ரொட்டியை விழுங்கின மாதிரி இருந்தது.

"நாளைக்கு வர்றேம்மா" என்றாள்.

முன் சீட்டுக்காரர் திரும்பி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக வந்திருந்தது குரல்.

போகத் தேவையில்லாமல் போயிற்று. சாயங்காலம் மகளிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"அதான் தெரியுமே. இன்னிக்கே கடைசி பெஞ்சுக்கு வந்துட்டேன். அந்தக் குள்ளன் பேப்பர்ல என் முதுகை வரைஞ்சு வச்சிருக்காம்மா, நல்லாவே இருக்கு" என்றாள் மகள். "அங்க இருந்தும் எனக்குத் தெரியுது. யார் தலையும் மறைக்கல. ஆனா ஒண்ணு, நான் குனிய மாட்டேன். சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்த நடையாக அடுப்படிக்குப் போனாள். துணிக்கொடி நேராகக் கழுத்தில் மாட்டியது. அப்பாவின் பனியன் முகத்தில் விழுந்தது.

கணவர் பழக்கதோஷத்தில், "குனிஞ்சு…" என்று ஆரம்பித்தார்.

"பீப்!" விசில் அடித்தே நிறுத்திவிட்டாள் கண்டக்டரக்கா. "கொடியை மேல கட்டுங்க."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி மேலே கட்டினார். இறங்கி, அந்த வீட்டில் முதல்முறையாக நிமிர்ந்தபடியே அந்தப் பக்கம் போய், நிமிர்ந்தபடியே இந்தப் பக்கம் வந்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் போய் வந்தார்.

காலையில் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. காக்கிச் சட்டை கொடியில் உயரமாகத் தொங்கியது. கண்டக்டரக்கா எம்பிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். விரல் நுனிகூடப் படவில்லை.

"ஏய் ஒட்டகம்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "அந்தச் சட்டையைக் கொஞ்சம் எடுத்துக் குடுடி!"

மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்தாள். "எழுத்து மூலமா கேளுங்க" என்றாள்.