கழுவிக் கொடுத்த கரண்டி

ஞாயிறு எட்டு மணி ஆங்கிலப் பூசையில் கடைசி வாங்கில், கதவோரம் இருப்பார். அமிர்தநாதருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. முன்வரிசை எழும்பினால் எழும்புவார், இருந்தால் இருப்பார். பதினொரு மணித் தமிழ்ப் பூசைக்குக் கிளிபோட் வருவார். அவரோடு பேசவோ அவர் நிற்கும் இடத்தில் நிற்கவோ கூடாதென்பது அமிர்தநாதரின் பிணை நிபந்தனை.

ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த இருவரும் ரூஜ் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் பதினெட்டு வருடம் சேர்ந்து சமைத்தவர்கள். அமிர்தநாதர் சுத்தக்காரர். கத்தியோ கரண்டியோ, கழுவித் துடைத்து இரண்டு கையாலும்தான் நீட்டுவார். மூக்கு நுனியில் கோபம். ஆறி முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

போன மாசியில் தேத்தண்ணிக்கு நேரம் கிடைக்கவில்லை. "அண்ணையின்ரை றோல்ஸ் நேற்றையான்" என்று வாடிக்கையாளர் முன்னால் கிளிபோட் பகிடி விட்டார். வடை பொரிக்கும் நீளக் கரண்டி அவர் புருவத்தில் இறங்கியது. மூன்று தையல். பொலிஸை அழைத்தது வாடிக்கையாளர்.

பொலிஸ்காரர் கரண்டியைக் கேட்டதும் மனுஷன் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "உதாலதான் அடிச்சனான். என்ரை பிழைதான்." பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

"கழுவினீங்களா அங்கிள்?" என்று வக்கீல் நிரோஷினி தலையில் கை வைத்தாள். வெறுங்கையால் ஒரு அறை விட்டிருந்தால் சின்ன வழக்கு. கையில் கரண்டி இருந்ததால் அது ஆயுதத் தாக்குதலாகி மேலே ஏறிவிட்டது. குடியுரிமைப் பரீட்சைக்குப் பயந்து அதை எடுக்காமலே இருந்துவிட்டவரை, தீர்ப்புப் பிழைத்தால் நாட்டைவிட்டே அனுப்பலாம். மனைவி றோஸ்மேரி இங்கே, பேரப்பிள்ளைகள் இங்கே.

"கரண்டி ஆயுதமெண்டால் எங்கட கிச்சின் ஆமிக்காம்ப் எல்லோ!" என்று சிரிப்பார். சிரித்து முடிய முதலே கண் கலங்கிவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

வழக்கே வேண்டாமென்று கிளிபோட் இரண்டு தரம் எழுதிக் கொடுத்தார். வழக்கை நடத்துவது அரசு. அவர் சொல்லி நிற்காது.

போன ஞாயிறு எட்டு மணிப் பூசையில், சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம், பக்கத்தில் ஒரு கை நீண்டது. "சமாதானம், அண்ணை." புருவத்தில் தழும்போடு கிளிபோட்.

'அவர் தேடி வந்தாலும் நீங்கள்தான் விலகவேணும்' என்று நிரோஷினி சொல்லியிருந்தாள். அமிர்தநாதரின் இரண்டு கைகளும் தாமாகவே எழும்பின. அவற்றை இழுத்துக் கோட்டுப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். கதவைத் தோளால் தள்ளியபடி பனிக்குள் இறங்கினார்.