நேர்ந்துவிட்ட சேவலும் சைவமான மனுஷரும்

என் வீட்டுக்காரர் சைவமானதற்குக் காரணம் ஒரு கோழி. நானுஓயா ஸ்டேஷனில் இறங்குகிற ஆட்களை வேனில் ஏற்றி நுவரெலியாவில் விடுவது அவர் தொழில். ஒரு நாள் கோழி ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாராம். கூண்டுக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிய ஒரு கோழி, வழியெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு போனதாம். வீட்டுக்கு வந்ததும், "இனிமே எனக்குக் கவுச்சி வேணாம் புள்ள" என்றார்.

"நானுந்தான் கல்யாணம் கட்டுன நாள்லருந்து ஒங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்காக ஒரு பீடியக்கூட விட்டதில்லையே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் எடுத்த முடிவை இந்த மனுஷன் மாற்றிக்கொண்டதே இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அவர் சைவத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதே எனக்கு வேலையாகப் போய்விட்டது.

ஓட்டைக்குப் பஞ்சமில்லை. தேங்காய்ச் சம்பலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வார். அதில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருக்கிறதே என்றால், மாசி காய்ந்து கட்டையாகிவிட்டதாம், அதை மீனில் சேர்க்க முடியாதாம். முட்டை ஆகாது, ஆனால் கொட்டகலை பேக்கரி கேக் ஆகும். அவர் வேனில் வந்த ஒரு வெள்ளைக்காரி பால்கூடத் தொடமாட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். அடுத்த நாள் காலையில் அவருக்குப் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துபோய் மாப்பால் டின்னை எடுத்து வந்தார்.

மழை நாளில் தேயிலை மலைக் குறுக்குப் பாதையால் வந்தால் காலெல்லாம் அட்டை. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி உப்பில் போடுவார்.

"அதுக்கு உசுரு இல்லையா?" என்பேன்.

"அது என்னையத் திங்குது. நான் அதையத் திங்கலையே" என்பார்.

இந்தக் கேலியெல்லாம் திருவிழா மாதம் வரும் வரைதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், கூட்டில், ஒரு செவலைச் சேவல் வளர்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து வந்தால் ரோதமுனிக்குச் சேவல் அறுக்கிறேன் என்று நேர்ந்தவர் இவர்தான். ரோதமுனி எங்கள் தேயிலை ஃபெக்டரியின் சக்கரங்களைக் காக்கிற சாமி. ஃபெக்டரிக்குப் பக்கத்தில் மரத்தடியில் இருக்கிறார். பிள்ளை பிழைத்தாள். சேவலும் வளர்ந்தது. நடுவில் இவர் சைவமாகிவிட்டார்.

பூசாரியிடம் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"சேவலுக்குப் பதிலா ஒரு பூசணிக்கா வெட்டலாமாங்க?"

"சைவமானது நீங்க. சாமி ஒன்னும் மாறலையே" என்றார் பூசாரி.

"அப்ப உசுரோட கோயில்ல விட்டுடறேன்."

"விடுங்க. மறுநா எவனாவது புடிச்சிச் சட்டியில போட்டுருவான்."

திரும்பி வரும் வழியில் நான் கேலி பண்ணவில்லை. பனி தொடங்கியதும் மகள் மறுபடி இருமத் தொடங்கியிருந்தாள். எனக்குப் பயம். சாமி கேட்குமா கேட்காதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சொன்ன வாக்கைத் தவறி, அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒன்று ஆனால் என் மனசு என்னை வாழவிடாது. இதை அவரிடமும் சொன்னேன். "ம்" என்றார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பதற்கு முன்னால் சேவல் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் உத்தரவு இல்லை, கத்தி வைக்கக்கூடாது. திருவிழா அன்று காலை, கோயிலில் மஞ்சள் தண்ணீரை அவரே செம்பில் கலந்து பூசாரியிடம் கொடுத்தார். மனுஷன் மனசைத் தேற்றிக்கொண்டார் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

அவர் சேவலின் காலைப் பிடித்துக்கொள்ள, பூசாரி ஊற்றினார். சேவல் சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினார். அது கண்ணை மூடிச் சுகமாக நின்றது. கூட்டத்தில் பேச்சு அடங்கியது. "வீட்டுல ஏதும் தீட்டாம்மா?" என்று பூசாரி என்னைக் கேட்டார். யாரோ ஒரு கிழவி, "நேந்துக்கிட்டது இந்தப் புள்ளைக்குத்தானே?" என்றாள். எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள்.

செம்பை என் கையில் வாங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

மரத்துக்குப் பின்னால், வேனில் டீ கொண்டுபோகிற ஃபிளாஸ்க் மூடி திறந்து கிடந்தது. அதில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கலந்திருக்கிறார். இந்தக் குளிரில் இளஞ்சூடாக ஊற்றினால் எந்தச் சேவல் சிலுப்பும்? எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே செம்பை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அதற்குள் மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, சாமிக்கு என்னையப் புடிக்கலையா?"

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் கணக்கில் சேவல் இருந்தது, சாமி இருந்தது, பூசாரியும் இருந்தார். பிள்ளை இப்படி நினைப்பாள் என்பது மட்டும் இல்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே கொட்டினார். பீலிக் குழாய்க்குப் போய்ப் பச்சைத் தண்ணீர் பிடித்து வந்தார். தன் கையாலேயே ஊற்றினார். சேவல் உடம்பெல்லாம் சிலுப்பியது.

"சாமி ஒன்னைய நல்லா வச்சிருக்கும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சேவலின் காலை இறுக்கிப் பிடித்தார். அறுக்கும்போது முகத்தைத் திருப்பவில்லை.

மத்தியானம் வீட்டில் சொந்தக்காரர்களும் பக்கத்துக் காம்பராக்காரர்களும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கறி போட்டேன். அவர் தட்டில் பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்தேன். அவர் கை வைக்கவில்லை.

"எனக்கும் ஒரு துண்டு போடு."

என் வாய் சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும். நான் திறப்பதற்கு முன்னால் அவரே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அறுக்கக் குடுத்தது நானு. ஊரத் திங்க விட்டுட்டு நான் மட்டும் பருப்பத் தின்னுட்டு எந்திரிச்சா, அது என்னா சைவம்?"

ஒரு துண்டு போட்டேன். மென்றுகொண்டிருக்கும்போதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல், எலும்பு வரைக்கும் தின்று முடித்தார்.

அதற்குப் பிறகு அவர் கறி தொட்டதில்லை. அவர் சைவம் என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.