ஒயர் என்று மட்டும் எழுது

கேமராவும் அதன் தோல் உறையும் ஒரே பெட்டியில் வந்து இறங்கினால் இரண்டும் சேர்ந்து கேமரா. உறை மட்டும் அடுத்த கப்பலில் தனியாக வந்தால் அது பை. மூக்குக் கண்ணாடி ஓர் இனம், அதன் கூடு தனியே வந்தால் வேறு இனம். பொம்மைக்குப் போடும் சட்டை துணியில் சேராது, பொம்மையில்தான் சேரும். டார்ச் லைட்டுக்கு ஒரு வரி, அதன் பேட்டரி பிரிந்து வந்தால் அதற்கு இன்னொரு வரி. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. செங்கல்பட்டில் காலை ரயிலைப் பிடித்தால் பீச் ஸ்டேஷன் வரை உட்கார்ந்தே போகலாம். வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைக்கிறவர்களை நாங்கள் பார்ட்டி என்போம். பார்ட்டி காகிதத்தைக் கொடுத்ததும், வந்த சாமான் சுங்கத் தீர்வைப் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழ் உட்காரும் என்று பார்த்து, அதற்கேற்ற மாதிரி விவரம் எழுதித் தருவது என் பொறுப்பு. ஒரே சாமானை நாலு விதமாக எழுதலாம். அதிகாரி எதைப் படித்தால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார் என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம். அதற்கு எங்கள் ஆபீஸில் ஒரே வழக்கம்தான்: முடிந்தவரை குறைவாக எழுதுவது. பெரிய பெயராக எழுதினால் பெரிய கேள்வி வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது.

வீட்டிலும் என் புத்தி அடங்காது. மிக்ஸி வாங்கி வந்த அன்று, ஜாரும் மிக்ஸியும் பிரிந்து வந்திருந்தால் என்னவாகும் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் சட்னியை வழித்துக்கொண்டே, "அப்போ நா இன்னா? மிஷினா, கூட வந்த சாமானா?" என்று கேட்டாள்.

எங்களுக்கு ஒரே பெண். பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். உள்ளே இருப்பது பாதிக் கருவிதான். மீதிப் பாதி வெளியே இருக்கும். இடுப்பில் ஒரு துணிப்பை, அதில் சோப்பு டப்பா அளவு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் சட்டைக்குள் ஏறி, கழுத்தோரம் வெளியே வந்து, காதுக்குப் பின்னால் போகும். ஒயரின் நுனியில் ரூபாய் நாணயம் போல ஒரு வட்டு. வட்டுக்குள் இருக்கும் காந்தத்தால் அது முடிக்கு மேலேயே தலையில் ஒட்டிக்கொள்ளும். வெளிச் சத்தத்தை உள்ளே இருக்கும் பாதிக்கு அனுப்பும். வட்டு இல்லாவிட்டால் தலைக்குள் இருப்பதும் இடுப்பில் இருப்பதும் ஒன்றுக்கும் உதவாது.

ஒன்றரை வருடப் பயிற்சியில் அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கினாள். பஸ், காக்கா, மழை, வேணாம். 'வேணாம்' வந்த பிறகு வீட்டில் அதைத் தவிர வேறு கேட்கவில்லை. எங்களுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மனைவி சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலை பார்த்தாள். பெண்ணை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளியில் போட்டால் மறுபடி கைஜாடைக்கே போய்விடுவாளோ என்று பயம். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "ஜூன் முதல் வாரம் கூட்டிட்டு வாங்க. நோட்டால வாயை மறைச்சிக்கிட்டு நாலு கேள்வி கேப்பேன். காதால கேட்டு பதில் சொல்லிட்டா, மத்த பிள்ளைங்களோட உக்காரட்டும்," என்றார். இந்தப் பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார்கள்; வாயை மறைப்பது அதற்காகத்தான். நாங்களும் வீட்டில் அப்படித்தான் கேட்டுப் பழக்கினோம். பத்துக்கு எட்டு சரியாகச் சொல்வாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். கால் நனைக்கும் இடத்தில்தான் நின்றோம். பின்னால் வந்த ஓர் அலை அவளைத் தள்ளிச் சாய்த்துவிட்டது. நான் கையைப் பிடித்துத் தூக்கினேன். பெட்டியைத் துணிப்பையோடு மனைவி நனையாமல் காப்பாற்றிவிட்டாள். ஒயரும் வட்டும் கழன்று அலையில் போய்விட்டன. பெண் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, கடல் நின்னுச்சி," என்றாள்.

மறுநாள் கருவி விற்றவர்களிடம் கேட்டேன். ஒயரும் வட்டும் கையிருப்பில் இல்லை, வர இரண்டு மாதமாகும் என்றார்கள். பள்ளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு, மனைவியின் தம்பிக்கு, போன் போட்டேன். அவன் அன்றைக்கே விசாரித்து, அங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

"நாளைக்கே பார்சல் போட்டுடறேன் மாமா. மேல இன்னா எழுதட்டும்?"

"ஒயர்னு மட்டும் எழுது மச்சான். மிஷின் பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் எழுதாத. மருத்துவ சமாச்சாரம்னு தெரிஞ்சா அந்த சர்ட்டிபிகேட் குடு, இந்த சர்ட்டிபிகேட் குடுன்னு நிப்பானுங்க."

"கூட வட்டும் கீதே மாமா?"

"அது ஒயரோட நுனி. ஒயர்தான்."

போனை வைத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. பதினைந்து வருட அனுபவம் கடைசியில் சொந்தப் பெண்ணுக்குப் பயன்பட்டது என்று நினைத்தேன்.

பார்சல் ஆறு நாளில் சென்னைக்கு வந்தது. வீட்டுக்கு வரவில்லை. நேரில் வரச்சொல்லிச் சுங்க இலாகாவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. எனக்குப் பழகிய இடம், பழகிய நாற்காலி, முகம் தெரிந்த அதிகாரி. பத்து நிமிட வேலை என்று நினைத்து, ஆபீஸில் லீவுகூடச் சொல்லாமல் போனேன்.

அதிகாரி பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஒயரைத் தனியாகவும் வட்டைத் தனியாகவும் மேஜைமேல் வைத்து, கூடவே இருந்த துண்டுச்சீட்டை என் பக்கம் தள்ளினார். வட்டின் பெயர் அதில் டிரான்ஸ்மிட்டர் என்று அச்சாகியிருந்தது.

"ஒயர்னு போட்டிருக்கு. ஒயருக்கு ஒரு இடம் இருக்கு, அதுல போகட்டும். இது சிக்னல் அனுப்பற கருவி சார். ஒயர்லெஸ் இலாகா லைசென்ஸ் இல்லாம எப்படி விடறது?"

"சார், இது காது மிஷினோட அக்சஸரி. வேற எதுலயும் மாட்ட முடியாது. மிஷினோட தலைப்புலதான் போகணும்."

"மிஷின் கூட வந்திருந்தா சரி. மிஷின் எங்க?"

"எம் பொண்ணு இடுப்புல."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க இந்த லைன்லயே இருக்கறவரு. ஒரு பார்ட்டி இத இப்படிக் கொண்டாந்து நின்னா என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். உள்ளே ஒரு சாமான், மேலே வேறு பெயர்; நீங்களே மாட்டிக்கொண்டீர்கள் சார் என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போவேன். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் எவன் வீட்டில் எந்தக் குழந்தை எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

"காதுக் கருவியின் பாகம்னு மேலயே எழுதியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன் சார். அதுக்குத் தீர்வையே கிடையாது," என்றார் அவர். குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

மூன்று கடிதம் கேட்டார். விற்ற கடையிலிருந்து ஒன்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று, லைசென்ஸ் தேவையில்லை என்று ஒயர்லெஸ் இலாகாவிலிருந்து ஒன்று. கடைக் கடிதத்தை மச்சான் இரண்டே நாளில் ஃபேக்ஸில் அனுப்பினான். ஆஸ்பத்திரி டாக்டர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். அவர் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். ஒயர்லெஸ் ஆபீஸில் இருந்தவர் துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க லைசென்ஸ்ல வர்ற ஐட்டமே இல்ல."

"அதையே எழுதிக் குடுங்க சார், போதும்."

"எங்களுது இல்லாத சாமானுக்கு நாங்க எப்படி எழுதறது?"

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் இதே பேச்சு. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. என் ஆபீஸ் நண்பன் ஒருவன் கூடவே அலைந்தான். "ஊருக்கே எழுதிக் குடுக்கற ஆளு நீ, உனக்கே இந்த பேஜாரா அண்ணாத்த?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் டீ வாங்கப் போய்விட்டான்.

வீட்டில் வார்த்தைகள் உதிர ஆரம்பித்தன. சத்தம் போன முதல் வாரம் அவள் கத்திப் பேசினாள். இரண்டாவது வாரம் பேச்சு மெலிந்தது. பஸ் என்பது 'ப' ஆனது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தூக்கிக் காட்டினாள். நாங்களும் பேசுவதை விட்டுவிட்டுக் கையைக் காட்டத் தொடங்கியிருந்தோம். எதற்குப் பயந்தோமோ அதை எங்கள் வீட்டிலேயே நடத்திக்கொண்டிருந்தோம்.

"ஊரான் சாமானையெல்லாம் வெளிய எடுத்துக் குடுக்கற. வூட்டு சாமான் ஒண்ண எடுக்க முடியல உன்னால," என்றாள் மனைவி. எனக்கு ஆத்திரம் வந்தது. தீர்வைப் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால்தான் அது விழுந்தது.

தலைமையாசிரியை எங்களுக்காக ஒரு வாரம் தள்ளி வைத்தார். அதற்குமேல் இடத்தை நிறுத்தி வைக்க அவராலும் முடியவில்லை. கருவி இல்லாமல் போவதில் அர்த்தமில்லை என்று நான் சொன்னேன். மனைவி கேட்கவில்லை. வழக்கமாக என்னென்ன கேட்பார்கள் என்று பள்ளியில் அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பதில்களை வரிசையாகப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் பேர், பிறகு ஊர், பிறகு பிடித்த நிறம், பிறகு ஒன்று முதல் பத்து. பழக்கும்போது ஒரு விரலைக் காட்டினால் பேர், இரண்டு விரலுக்கு ஊர். மூன்று நாள் இதே வேலை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழி சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

தலைமையாசிரியை நீல அட்டை நோட்டால் வாயை மறைத்துக்கொண்டார். நோட்டு அசைந்ததும் கேட்கிறார் என்று பெண் புரிந்துகொண்டாள்.

"உன் பேர் என்ன?"

பேரைச் சொன்னாள். தெளிவாகவே சொன்னாள். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"செங்கல்பட்டு."

சொல்லிவிட்டுப் பெருமையோடு அம்மாவைப் பார்த்தாள். மனைவியின் கை என் கையில் அப்படியே இருந்தது.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"மஞ்ச."

அவர் நோட்டைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து பெண்ணின் கன்னத்தைத் தடவினார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எங்களிடம் சொன்னார். பெண் இன்னும் ஒன்று இரண்டு எண்ணவில்லையே என்று காத்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

டாக்டர் ஊர் திரும்பிக் கையெழுத்துப் போட்டார். ஒயர்லெஸ் கடிதம் கடைசிவரை வரவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்த அதிகாரி, "இது போதும், நான் எழுதிக்கறேன்," என்று தானே பொறுப்பேற்றுக்கொண்டார். கொடுத்த தாளில், காது கேட்கும் கருவியின் பாகமும் துணைப்பொருளும், தீர்வை இல்லை என்று எழுதியிருந்தது. நான் எந்தத் தலைப்புக்காக வாதாடினேனோ அதே தலைப்பு. ரயிலில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊரப்பாக்கம் தாண்டும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. பள்ளிக்குப் போய் வந்து அன்றோடு ஐந்து நாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒயரைப் பெட்டியில் செருகினேன். வட்டு தானாகவே தலையில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, "காக்கா," என்றாள்.

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். நான் கையிலிருந்த தாளால் வாயை மறைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் நோட்டால் மறைத்துக் கேட்ட பழக்கம்தான்.

"காலைல இன்னா சாப்ட?"

"இட்லி," என்றாள். யோசித்து, "ரெண்டு," என்றாள்.

பிறகு பள்ளிக்கென்று வாங்கிச் சுவரில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மிஸ்கிட்ட சொல்லலாம், வா," என்றாள்.

வாயை மறைத்திருந்த தாளை என்னால் கீழே இறக்க முடியவில்லை.