தழையோடு பெங்களூருக்குப் போன நூல்கோல்

நூல்கோல் பொறுக்குவதில் திண்டுக்கல்லில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளில் காய் கட்டி, சாணார்பட்டிப் பக்கம் தெருத் தெருவாகக் கூவி விற்று, டவுனில் சொந்தக் கடை போட்டவன் நான்.

தொண்ணூறுகளில் பாதிப் பேருக்கு நூல்கோல் என்றால் என்னவென்றே தெரியாது. “ஏண்ணே, இது என்ன, முட்டைக்கோசு வெம்பிப்போச்சா?” என்று கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். முட்டைக்கோசுக்குத் தம்பி முறைதான், குணம் வேறு. எலுமிச்சையைவிடப் பெரிசாக, சாத்துக்குடிக்குக் கொஞ்சம் சிறிசாக இருக்க வேண்டும். கையில் வைத்தால் கனக்க வேண்டும். வேர்ப்பக்கம் நகத்தை வைத்தால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே நார் ஓடிவிட்டது என்று அர்த்தம். தழை விறைப்பாக நிற்க வேண்டும். தழை நின்றால்தான் காய் விற்கும். என் கடையில் அதைக் கிள்ள ஒருத்தரையும் விட்டதில்லை.

வீட்டில் கதையே வேறு. பை உள்ளே போனதும் என் வீட்டுக்காரி முதல் வேலையாகத் தழையை அறுத்துவிடுவாள்.

“அழகா நிக்கிறதப் போயி அறுக்கிறியே.”

“அழகு ஒங்க கடைக்கு. விட்டா காயில உள்ள தண்ணியப் பூராம் தழை குடிச்சிரும்.”

அறுத்த தழையைப் பருப்போடு சேர்த்துக் கடைவாள். காயை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைப்பாள். வெள்ளிக்கிழமை வெளியே வரும்.

நாங்கள் வேதக்காரர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை வீட்டில் கறி வாசமே இருக்காது. ஊரெல்லாம் பிரியாணி மணக்கும்போது நாக்கைக் கட்டிப்போடுவது லேசான காரியமில்லை. அதற்காகவே அவள் தவக்கால வெள்ளிகளில் நூல்கோலை ஆட்டுக்கறி மாதிரிக் குழம்பு வைப்பாள். தோலைச் சீவுவாள், அதற்கு அடியில் இருக்கும் பச்சை நாரையும் சேர்த்து இன்னொரு தரம் சீவுவாள், துண்டுகளைப் பெரிசாகப் போடுவாள். சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, கசகசா, தேங்காய் எல்லாம் அம்மியில் அரைபடும். ஈஸ்டர் அன்றைக்கு நிஜக் கறியைத் தின்றுகொண்டே, “வெள்ளிக்கிழமைக் கொழம்புதான் ருசி” என்று நான் சொல்லி அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதுண்டு.

கைபேசி எல்லார் கைக்கும் வராத காலத்தில் பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் உண்டானாள். தலைப் பிரசவம் நம் வீட்டில்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் முடிந்த கையோடு வீட்டுக்காரி கிளம்பிப் போனாள். “ஈஸ்டருக்கு வந்துருவேன்” என்றாள். போன மறுவாரமே பேரன் பிறந்த சேதி போனில் வந்தது.

வீட்டில் நான் மட்டும். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை உண்டு. ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதி என்னுடையது, மீதி அவளுடையது. முதல் பாதியைச் சொல்லிவிட்டு என் வாய் தானாக நின்றுவிடும். சுவரில் பல்லிதான் பதில் சொல்லும். பிறகு நானே மீதியையும் சொல்லுவேன். அடுத்ததிலும் அதே மாதிரி நின்றுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை நானே குழம்பு வைத்தேன். காய் அருமையான காய், நான் பொறுக்கியது. ஆனால் ஒரு தரம்தான் சீவினேன். வாயில் போட்டால் சாக்கு நூலை மென்ற மாதிரி இருந்தது. ஊறுகாயைத் தொட்டுச் சோற்றை விழுங்கினேன். அந்த நேரம் பார்த்து போன் மணி அடித்தது.

“ஏங்க, கொழம்பு வச்சீகளா?”

“வச்சேனே. ஒன்னையவிட நல்லா வந்துருக்கு.”

“நெசமாவா?”

“பக்கத்து வீட்டுக்காரன் கேட்டு வாங்கிட்டுப் போனான்னா பாத்துக்க.”

ஒவ்வொரு வெள்ளியும் இதே பாட்டைப் பாடினேன். கடைசியில் ஒரு நாள் அவள் சொன்னாள்: “அப்ப எனக்குக் கவலையில்ல. பேரனுக்கு இன்னும் தலை நிக்கல, மக தனியாக் கெடந்து சிரமப்படுது. ஈஸ்டர் கழிச்சே வாரேன்.”

“இருந்துட்டு வா, எனக்கென்ன” என்று போனை வைத்தேன். வைத்த பிறகு அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்ததும் ஒரு வேலை செய்தேன். கடையில் வந்து இறங்கியதிலேயே முதல் தரமான நூல்கோலாகப் பார்த்து ஒரு சாக்கு கட்டினேன். தழையோடுதான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினேன்.

மகள் வீட்டுத் தெருவில் நுழைந்தால், முனையில் ஒரு தள்ளுவண்டி. வண்டி முழுக்க நூல்கோல், மலை மாதிரி. தழை கத்தியாக நிற்கிறது. பழக்கதோஷம், ஒன்றை எடுத்து நகத்தை வைத்தேன். வெண்ணெயில் இறங்கிய மாதிரி இறங்கியது. வைத்துவிட்டு நிமிர்ந்தால், மாடியில் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள்.

“என்ன, எறங்குதா?”

“தண்ணிக் காயி. ருசி இருக்காது.”

வீட்டுக்குள் போய்ச் சாக்கை அவிழ்த்தாள். தழையெல்லாம் மஞ்சளாகி மடங்கிக் கிடந்தது. ஒரு காயை அமுக்கினாள். நெட்டி மாதிரி அமுங்கியது.

“தழையோடயா கட்டுனீக?”

“தழை இல்லாட்டி எவன் மதிப்பான்?”

“கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டாந்ததும் இல்லாம, அதையும் துருப்பிடிக்க விட்டுக் கொண்டாந்திருக்கீக.” கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். “ஏங்க, நீங்க வச்ச கொழம்புல நார் தட்டுச்சா?”

நான் பேரனின் பாதத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளியன்று ஒருசந்தி. வழிபாடு முடிந்து வந்து ஒரே வேளைச் சாப்பாடு. தள்ளுவண்டிக் காயை அவள் வாங்கவில்லை. நான் கொண்டுபோனதைத்தான் ரெண்டு தரம் சீவி, சக்கையைத் தள்ளி, மிச்சத்தில் குழம்பு வைத்தாள். மருமகன், “கறியா அத்தை?” என்று பயந்தே போனார். நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன்.

ஈஸ்டர் கழித்து நான் கிளம்பியபோது, அவள் தள்ளுவண்டியில் ஒரே ஒரு காயை வாங்கி, தழையை அறுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

“அடித்தட்டுல வையிங்க. துணி காயாமப் பாத்துக்கங்க. இது வாடுறதுக்குள்ள வந்துருவேன்.”

எத்தனையோ லோடு காய் இறக்கிய கை இது. அந்த ஒரு காய்க்குத் தினம் துணி நனைத்தேன்.

பேரனுக்குத் தலை நின்றதும் வந்து சேர்ந்தாள். கட்டிய சேலையை மாற்றாமல் நேராக ஃபிரிட்ஜைத் திறந்து, துணியைப் பிரித்து, வேர்ப்பக்கம் நகத்தை வைத்தாள்.

“எறங்குதா?” என்றேன்.

“கொஞ்சம் வதங்கிப்போச்சு. எறங்குது.”

அன்று சாயங்காலம் ஜெபமாலையில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அடுப்படியிலிருந்து மீதிப் பாதி வந்தது.